ஓயமதா குத்த மறுத்த முத்திரை

பிப்ரவரி 17

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. எங்கள் பேருந்துக் கம்பெனி கேட்டுக்கொண்டதால்தான் அறுபத்தொரு வயதில் பேருந்து ஓட்டக் கற்றேன். பயிற்சிப் பள்ளிக் கட்டணம் முழுவதும் என் சேமிப்பு. வேலைக்காகப் படித்த செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படிப்பு வேலைக்குத் தேவைப்பட்டது என்று கம்பெனி சான்று தர வேண்டும். மேலாளர் ஓயமதா இன்று அதில் தன் பெயர் முத்திரையைக் குத்த மறுத்துவிட்டார். இந்த ஜப்பானில் முத்திரைதானே கையெழுத்து?

"அது நீங்களா ஆசைப்பட்டுப் படிச்சது, இவபுச்சி சான். வேலைக்குத் தேவைன்னு நான் எப்படிச் சொல்றது?"

ஆசையாம்! ஓட்டுநர் இல்லாமல் மலைத்தடப் பேருந்து நின்றுவிடும் என்று காலைக் கூட்டத்தில் கைகூப்பியது யார்? சீட்டு கொடுக்கும் சன்னலில் இருந்த என்னைப் பார்த்துத்தானே கும்பிட்டார்?

பிப்ரவரி 18

எனக்குக் குத்தினால், இனிப் படிக்கப்போகும் மற்றவர்கள் கட்டணத்தைக் கம்பெனியிடமே கேட்பார்களென்று அவருக்குப் பயம். வேறென்ன?

பிப்ரவரி 20

மறுபடி மனு கொடுத்தேன். கீழே இருப்பவர்கள் முத்திரையை மேலதிகாரியின் பெயர்ப் பக்கம் சாய்த்துக் குத்துவதுதான் எங்கள் அலுவலக வழக்கம், குனிந்து வணங்குவதுபோல. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சாய்த்தே குத்தியவள் நான். இன்று நேராகக் குத்தினேன்.

அதைத்தான் முதலில் பார்த்தார். "என்ன, முத்திரை விறைச்சுக்கிட்டு நிக்குது?"

"முதுகு வலி, மேனேஜர். குனிய முடியல."

மனு திரும்பி வந்தது.

பிப்ரவரி 24

தேவையில்லாத படிப்பென்றால் அதனால் வந்த வேலையும் தேவையில்லை. பேருந்துச் சாவியை அவர் மேசையில் வைத்தேன்.

"நாளையிலேருந்து நான் சன்னல்தான். ஓட்டறது என் ஆசைதானே? தீர்ந்துபோச்சு."

பிப்ரவரி 25

மலைத்தடம் ஓடவில்லை. கண் மருத்துவமனைக்குப் போகும் தோமிஸோ பெரியவர் நிறுத்தத்தில் பனியில் நின்றாராம். நான் செய்தது சரியா? சரிதான் — ஆனால் அவர் என்ன தப்பு செய்தார், பாவம்?

பிப்ரவரி 26

தோமிஸோ பெரியவர் மகனின் காரில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க எழுந்தேன். "நீ உக்காரும்மா" என்று கையமர்த்திவிட்டு மேலாளரிடம் போனார்.

"ஏம்பா ஓயமதா, இந்தம்மா கத்துக்கிட்டது வேலைக்கு வேணாமாமே? அப்ப நேத்து நான் எதுக்குப் பனியில நின்னேன்? நாளைக்கு நீயே என்னை முதுகுல தூக்கிட்டுப் போ!"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஓயமதாவின் காது சிவந்தது.

பிப்ரவரி 27

காலையில் என் மேசையில் சான்றும் சாவியும். ஓயமதா சான்றில் குத்தியிருந்தார். ஆனால் அவர் முத்திரை என் பெயரின் பக்கம் சாய்ந்திருந்தது. கை தவறியிருக்குமோ? எப்போதும் நூல் பிடித்தாற்போல் குத்துகிறவர் அவர்.

இனி ஆக வேண்டியவை.

நான்: நாளை மலைத்தடத்தில் முதல் வண்டி. தோமிஸோ பெரியவர் உட்கார்ந்த பிறகே நகர்த்த வேண்டும். மார்ச் 15க்குள் வரி அலுவலகம்.

ஓயமதா: அடுத்து யாரைப் படிக்கச் சொன்னாலும் கட்டணத்தைக் கம்பெனியே கட்டும்படி முதலாளியிடம் பேச வேண்டும். இதை எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

கீழே என் முத்திரை. நேராகத்தான்.