கடலுக்கு மடிப்படித்தவன்

என் கிளி நஜீமாவுக்கு,

வெள்ளிக்கிழமைகளில் உன்னை அடக்கிய மையவாடிக் கேட்டில் நின்று உனக்குச் சொல்லும் ஸலாத்தையே இங்கும் சொல்லிக்கொள்கிறேன். அங்கே நின்று உன்னோடு கதைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, பக்கத்தில் எப்போதும் யாராவது நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஊர் வாசித்தாலும் பரவாயில்லை. நான் செய்த வேலைக்கு ஊர் சிரிக்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி வார்ட்டில் கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "மச்சான், யோகேஸ்வரிக்கிட்டப் போய்ச் சொல்லிருங்க, என்னால அந்தப் படத்தச் செய்து குடுக்க ஏலாதெண்டு. பாவம், பாத்துக்கிட்டு இரிப்பா" என்று. நானும் பெரிய மனுசன் மாதிரி "ஓம், சொல்றன்" என்றேன். சொல்லவில்லை, புள்ள. நீ மவுத்தாகி ஒரு வருசமாகப் போகிறது. நேற்று வரைக்கும் சொல்லவேயில்லை.

வாசிக்கிறவர்களுக்கு இந்தப் படம் என்னவென்று தெரியாது, அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் தைத்து மரமும் கடலும் மழையும் வயலுமாக எங்கள் தெருப் பெண்கள் துணிப்படம் செய்கிறார்கள். பக்கத்து ஊரான பாண்டிருப்பிலும் ஒரு கூட்டம் செய்கிறது. வருசத்துக்கு ஒருமுறை இரண்டு கூட்டமும் சேர்ந்து கண்காட்சி வைப்பார்கள். விற்றுக் கிடைப்பது, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போகிற ஏழைகளின் வான் கூலிக்குப் போகும். உன் சிறுநீரகம் பழுதாகுமுன்பே நீ அதற்காகத் தைத்துக்கொண்டிருந்தாய். உனக்கே அந்த வான் தேவைப்படும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒவ்வொருத்தியும் செய்கிற ஒரு படம் மட்டும் விற்பனைக்கு இல்லை. சீட்டுக் குலுக்கி, இந்த ஊர்க்காரி அந்த ஊர்க்காரிக்கு ஒன்று கொடுத்து, ஒன்று வாங்கிக்கொள்வாள். உனக்கு விழுந்தது பாண்டிருப்பு யோகேஸ்வரியின் பெயர். அவளுக்கு நீ ஒலுவில் கடற்கரையைத் தைத்துத் தருவதாகச் சொன்னாய். உன் வாப்பாவின் தென்னந்தோட்டம் இருந்த கரை. பாதியைக் கடல் தின்றுவிட்ட கரை.

"களுசான் தைச்ச மிச்சத் துண்டுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று, கால்சட்டைத் தையல்காரன் நான் நக்கல் அடித்தேன். நீ கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தாய். அவ்வளவுதான். திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு இப்போது இவ்வளவு உறுத்தாது.

நீ போன மூன்றாம் நாள் யோகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். நம் மகள் ஸில்மியாவைக் கட்டிப்பிடித்து அழுதாள், என்னிடம் ரெண்டு வார்த்தை சொன்னாள், எழும்பினாள். படத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். கேட்டடியில் வைத்து நானாகவே சொன்னேன், "தங்கச்சி, உங்கட படத்தப் பாதி முடிச்சிட்டுத்தான் போனா. மிச்சத்த மகள் தைச்சுக் குடுப்பா."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "சரி நானா, அவசரமில்ல" என்று, கூடப்பிறந்த அண்ணனுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முப்பது வருசத்தில் உன் வாயால் ஏலாது என்று நான் கேட்டதில்லை. அதை என் வாயால் ஒரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

பாதி எங்கே இருந்தது? உன் அலுமாரி, கட்டிலுக்குக் கீழே, தையல் மெசின் மேசை லாச்சி என்று எல்லாம் கிளறினேன். நீலத் துண்டுகளை ஒரு சொப்பிங் பேக்கில் கட்டி வைத்திருந்தாய். ஒன்றில்கூடக் கத்தரி படவில்லை. ஸில்மியாவிடம் போனால் அவள் உன்னை உரித்து வைத்தவள் அல்லவா? "வாப்பா, பொய் சொன்ன நீங்க. நீங்களே பாருங்க. எனக்கு எக்ஸாம் இரிக்கி" என்று கம்பசுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கண்காட்சிக்கு நாள் குறித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒலுவிலுக்குப் போனேன். தோணிகளெல்லாம் துறைமுகத்துக்குள் நின்றன. உங்கள் தோட்டத்தில் மிஞ்சிய மூன்று தென்னையில் ஒன்று சாய்ந்து, வேர் முழுக்க வெளியே தெரிந்தது. இடுப்பளவுக்குக் கரை அறுந்து கிடந்தது. தையல்காரன் புத்தி எங்கே போகும்? பையிலிருந்த இஞ்சி டேப்பை எடுத்து அறுப்பின் உயரத்தை அளந்தேன். ஒரு மீன்காரத் தம்பி பார்த்துவிட்டு, "என்ன நானா, கடலுக்குச் சட்டை தைக்கவா?" என்று கேட்டுச் சிரித்தான்.

பிறகு ஒரு மாதம் கடையில் அதே வேலைதான். ஆழ்கடலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நீலக் களுசான் துணி. மணலுக்குக் காக்கி. நுரைக்குப் பொக்கட் வைக்கிற வெள்ளைத் துணி. தென்னை வேருக்கு ஒரு பழைய சாரனைக் கிழித்தேன். அலைகளை ஒரே அளவில் வெட்டி, ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி, ஓரம் மடித்துத் தைத்து, நூல் பிரியாமலிருக்க ஓவர்லொக்கும் அடித்தேன். முடித்துச் சுவரில் மாட்டிப் பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நூல் வெளியே தெரியவில்லை!

கண்காட்சிக்கு மூன்று நாளிருக்க, படங்கள் சேர்க்கிற சுபைதா ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உங்கள் கூட்டத்துக்குத் தலைவி அவதானே, அவ வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

"தம்பி, இத ஆரு செஞ்ச?"

"நஜீமாதான் ராத்தா. மிச்சம் கொஞ்சத்த மகள்..."

ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டா. ஓரத்தை விரலால் தடவினா. அலையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தா.

"அல்லாஹ்வே! கடலுக்கு மடிப்படிச்சு வச்சிரிக்கீங்களே தம்பி! அலைக்கு ஓவர்லொக் வேற! நஜீமா ஒரு நாளும் ஓரம் மடிச்சதில்ல. எங்களயும் மடிக்க உட்டதில்ல. 'பிரியட்டும் உடுங்க, தண்ணி எங்க முடியுதெண்டு ஆருக்குத் தெரியும்' எண்டு சொல்லுவா. இது களுசான் தைக்கிற கை."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை. அதைக் கண்டதும் ஒருத்தி ஒருத்தியாக நிறுத்தினார்கள். வேறு வழியில்லாமல் அத்தனை பேருக்கு முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

சுபைதா ராத்தா படத்தைத் திருப்பி என் கையில் வைத்தா. பிறகு சொன்னா, "மவுத்தான புள்ளட பேரில ஒரு பொய்யச் சுவரில தொங்க உடமாட்டன். யோகேஸ்வரிக்கிட்ட நீங்கதான் சொல்லணும். அவ வேணுமெண்டா வாங்கட்டும், வேணாமெண்டா உடட்டும்."

படத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? உன் வாக்கு நடு வழியில் நின்றுபோகும், அதற்குக் காரணம் நானாக இருப்பேன். அதுதான் என்னைத் தின்றது.

மூன்று நாளும் மடிப்பைப் பிரித்தேன். நூல் பிரியக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கத் தைத்த கை இது, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாக இழுத்து வெளியே விட்டது. ரெண்டாம் நாள் நுரைத் துணியின் ஓரம் பிரிந்து சுருண்டு வந்தபோதுதான், நஜீமா, ஒலுவிலில் நான் பார்த்த அதே கரையைத் துணியில் கண்டேன். அழுதேன். சொல்வதற்கென்ன, மெசினில் தலையைச் சாய்த்து வைத்து அழுதேன். ஸில்மியா ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள். ஓவர்லொக் அடித்த இடங்கள் மட்டும் பிரிக்க வரவில்லை, அவை அப்படியே கிடக்கின்றன.

நேற்றுத்தான் கண்காட்சி. நீ பார்த்திருக்க வேண்டும், புள்ள. பிளவுஸ் கரையின் வெள்ளிச் சரிகையால் ஒருத்தி தகரக்கூரையில் மழை பெய்ய வைத்திருந்தாள். நற்பிட்டிமுனையிலிருந்து நம் கூட்டத்தில் வந்து சேர்ந்த பிள்ளையொன்று உரச் சாக்கைக் கிழித்து விளைந்த வயல் செய்திருந்தது. விற்கவென்று வைத்த படங்களில் பகல் சாப்பாட்டுக்கு முன்பே ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வருசமும் வான் ஓடும், சுகமாக இரு.

யோகேஸ்வரியை ஒரு பக்கமாகக் கூப்பிட்டேன். கடுதாசியில் சுற்றிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "தங்கச்சி, பாதி முடிச்சா எண்டு சொன்னது பொய். அவ ஒரு துண்டும் வெட்டல்ல. ஏலாதெண்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னா, நான் சொல்லல்ல. இது நான் தைச்சது. வேணாமெண்டா மனசில ஒண்டும் வைக்கமாட்டன்."

"எனக்குத் தெரியும் நானா" என்றாள்.

"சுபைதா ராத்தா சொன்னவவா?"

"இல்ல. நஜீமா சொன்னவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன்னுடைய படத்தை என் கையில் தந்தாள். சேறடித்த வயல். தன் படங்களிலெல்லாம் கொக்குத் தைக்கிறவள், மார்க்கத்துக்காக நீ உயிருள்ளதைத் தைக்கமாட்டாய் என்று தெரிந்து, சேற்றில் கொக்கின் காலடியை மட்டும் தைத்திருந்தாள். உனக்கென்று, நீ இல்லாத பிறகு. அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க, அவள் மெல்லச் சொன்னாள்.

"வார்ட்டில இருந்து எனக்குப் போன் எடுத்தவ நானா. 'எங்கட மச்சானுக்கிட்டச் சொல்லிரிக்கன், ஆனா அவர் வந்து சொல்லமாட்டார். எனக்கு ஏலாதெண்டா அந்த மனுசனுக்குத் தாங்காது. எதையாவது தைச்சுத் தூக்கிக்கிட்டு வருவார், பாருங்க. நல்லாவும் இரிக்காது. சிரிச்சிராதீங்க, வாங்கிக்கங்க' எண்டு சொன்னவ. ஒரு வருசமா நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அடி கள்ளி! மூச்சு வாங்க ஏலாமல் கிடந்துகொண்டு இதையும் ஒழுங்கு செய்துவிட்டா போனாய்? என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா?

யோகேஸ்வரி கடுதாசியைப் பிரித்துப் பார்த்தாள். ஓவர்லொக் மிஞ்சிய இடத்தில் அவள் விரல் நின்றது. நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், "நல்லா இரிக்கா தங்கச்சி?"

"இல்ல நானா" என்றாள். படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

பின்னேரம் அடுத்த வருசத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஆம்பிளைக்கு இடமில்லை என்று எங்கேயும் எழுதவில்லை என்று சொல்லி, சுபைதா ராத்தா என் பெயரையும் எழுதிப் போட்டுவிட்டா. எனக்கு விழுந்தது யாரென்றே தெரியாத பாண்டிருப்புப் பெண்ணொருத்தியின் பெயர். வாக்குத் தருகிறேன், நஜீமா, இந்த முறை ஓரம் மடிக்கமாட்டேன், பொய்யும் சொல்லமாட்டேன், முடித்தே கொடுப்பேன். நீ மட்டும் அங்கேயிருந்து அவளுக்குப் போன் எடுத்துவிடாதே.

உன்ட மச்சான்