அக்காவைத் தேடி வந்த மூக்குக்கண்ணாடி

"ஏண்டா பெரிய மனுசா" என்று என்னைக் கூப்பிட்டே பழகிய என் அக்காவுக்கு,

உன் கண்ணாடி வந்துவிட்டது.

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது, இப்போது வந்து நிற்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த யாரோ பெட்டியில் போட்டு எடுத்துவந்தார்களாம். ஆரோவில்லில் நீ வேலை செய்த தையல் யூனிட்டை நடத்துகிற வெள்ளைக்காரம்மா மரக்காணம் வரைக்கும் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, நான் வேலை செய்யும் பிரவுசிங் சென்டர் வாசலில் என் கையில் கொடுத்தார். பாவம், அவருக்குத் தமிழும் வரவில்லை, அழுகையும் நிற்கவில்லை. நான் "தேங்க்யூ" என்று சொல்லித் தொலைத்தேன். இதற்கு என்னதான் சொல்ல வேண்டும்?

"திருப்பி அனுப்பினால் பணம் வந்துவிடும், அனுப்பட்டுமா?" என்று கேட்டார். கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தான். பவர் சரியில்லையா, பிரேம் பிடிக்கவில்லையா, அளவு சேரவில்லையா, ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். போட வேண்டிய ஆளே இல்லை என்பதற்கு அதில் கட்டம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், எனக்காவது தலையும் வாலும் புரிகிறதா என்று.

உனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. துணியில் பூப் போடும் வேலையிலிருந்து எடுத்து இஸ்திரி மேசைக்குத் தள்ளிவிடுவார்களோ என்று பயந்தாய். பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடி தலைவலி கொடுத்தது. பாண்டிக் கண்ணாடிக் கடையில் டெஸ்ட் பண்ணி, இரண்டு கண்ணுக்கும் இரண்டு பவர், போதாததற்கு சிலிண்டர் என்று ஒன்று, எல்லாம் எழுதிக் கொடுத்தான். அவன் சொன்ன விலையைக் கேட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாய். அதே கண்ணாடி பிரான்ஸ் நெட் கடையில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும், தன் கார்டில் ஆர்டர் போடலாம், அங்கிருந்து வருகிறவர்கள் யாராவது எடுத்துவருவார்கள், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வெள்ளைக்காரம்மா சொன்னார்.

நான் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஒரு கண்மணிக்கும் இன்னொரு கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? கடைக்காரன் அதை மட்டும் எழுதவில்லை. போன் போட்டுக் கேட்டதற்கு, "கண்ணாடிய இங்க எடுங்க சார், அளவ நாங்க பாத்துக்கிறோம்" என்று வைத்துவிட்டான். கெட்டிக்காரன்.

அப்புறம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ பிளாஸ்டிக் நாற்காலியில், நான் மண்டி போட்டு, உன் மூக்கின் மேல் ஒரு ஸ்கேல்.

"நேரா என் கண்ணையே பாருக்கா."

"உன் மூஞ்சிய இவ்ளோ கிட்ட பாத்தா சிரிப்பு வருதுடா."

முதல் தடவை ஐம்பத்தெட்டு வந்தது. அடுத்த தடவை அறுபத்தொன்று. நீ சிரிப்பை அடக்க, ஸ்கேல் ஆட, மூன்றாவது தடவை அறுபது. "ஏதோ ஒண்ணு போடுடா பெரிய மனுசா, ரெண்டு மில்லிமீட்டர்ல என்னா குடி முழுகிடப் போவுது?" என்றாய். அறுபது என்று போட்டேன். இதில் தப்பானால் தலைவலி வருமாம் என்று பிறகு படித்துவிட்டு வந்து சொன்னேன். "வரட்டும். போட்டுப் பாத்துட்டு சொல்றேன்" என்றாய்.

போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றாயே அக்கா! அதற்குள் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். இப்போது அறுபது சரியா தப்பா என்று எனக்கு யார் சொல்வது?

நானே போட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. சுவர் வளைந்தது, தரை சாய்ந்தது. நீ இப்படித்தான் பார்த்தாயோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, அது இல்லையே, உனக்கு இதெல்லாம் நேராகத் தெரிவதற்காகத்தானே இந்தக் கண்ணாடி என்று தோன்றியது. அப்படியானால் நான் பார்த்தது என்ன? எனக்கு விளங்கவில்லை.

அம்மா இன்னொரு பக்கம். முதல் நாள், "போனவள தேடிக்கிட்டு வந்திருக்குது, வூட்ல வெக்காதடா" என்றாள். மறுநாள், "அவளோடது தானே, படத்துகிட்ட வெய்யி" என்றாள். வைத்தேன். சாயங்காலம் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"அவ போட்டிருந்தா அவளோடது. போடவே இல்லியே. அப்ப இது யாருது?"

கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டேன்.

உன் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுனாமி நிவாரண மனுவுக்கு நீ எடுத்த பாஸ்போர்ட் போட்டோதான் வீட்டில் இருந்தது. அதைக் கூனிமேட்டு ஸ்டுடியோ பாயிடம் கொடுத்துப் பெரிசு பண்ணினேன். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அம்மா, "என்னாடா, பனியில நிக்கிற மாரி இருக்கிறா" என்றாள். சரி, பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று எடுத்துக்கொண்டு போய் மறுபடி போட வைத்தேன். அதுவும் மங்கல் என்றாள். மூன்றாவது முறை போனபோது பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அல்லா மேல ஆணையா சொல்றேன் தம்பி, இதுக்கு மேல கிளியரா என்னால போட முடியாது." காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறாயா என்று நான் ரோட்டில் நின்று கத்திவிட்டு வந்தேன். என் வாய் உனக்குத் தெரியாதா?

நேற்று காலையில்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. நான் திரும்பத் திரும்ப அறுபதா ஐம்பத்தெட்டா என்று புலம்பியதைக் கேட்டுச் சலித்துப்போயிருப்பாள்.

"உங்க அக்கா என்ன உரிச்சி வெச்ச மாரி தானடா இருப்பா? என் கண்ண அளந்து பாரு. என்னுது எத்தினியோ அவளுதும் அத்தினி தான்."

அப்படியெல்லாம் கணக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஸ்கேலை எடுத்தேன். வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார வைத்தேன். அம்மா உன்னைப் போலச் சிரிக்கவில்லை, அசையாமல் இருந்தாள். மூக்கின் மேல் ஸ்கேலை வைத்து, கண்மணி எங்கே என்று தேடினேன்.

கறுப்பைக் காணோம், அக்கா. இருக்க வேண்டிய இடத்தில், மோர் விட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. இன்னொரு கண்ணிலும் அப்படித்தான், கொஞ்சம் குறைவாக.

"எத்தினிடா?" என்றாள் அம்மா.

"ம்மா, எத்தினி நாளா உனக்கு மங்கலா இருக்குது?"

"எனக்கு எங்க மங்கலா இருக்குது? உப்பளத்து வெயில்ல அப்டி தான் இருக்கும். இத்தினி வருஷமா பாத்தி வாரியிருக்கிறேன், எல்லாத்துக்கும் அப்டி தான். அவ படம் தான்டா மங்கலா இருக்குது."

ஸ்கேலில் என்ன எண் இருந்தது என்று பார்க்கவே இல்லை. கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னாடா ஆச்சு, எத்தினின்னு சொல்லேன்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ செத்ததிலிருந்து அவள் உன் முகத்தைப் படத்தில்கூட ஒரு தடவை சரியாகப் பார்த்ததில்லை, அக்கா. அதற்கு முன்னால் எத்தனை நாளாகப் பார்க்கவில்லையோ, அது யாருக்குத் தெரியும்? ஒரே வீட்டில் இருந்தோமே, நம் இரண்டு பேருக்கும் எப்படித் தெரியாமல் போனது?

திங்கட்கிழமை பாண்டி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். கண்புரைதான், ஆபரேஷன் பண்ணினால் நன்றாகத் தெரியும் என்று விசாரித்ததில் சொன்னார்கள். பாயிடமும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பி அனுப்பவில்லை. அது யாருடையது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, அதனால் உன் படத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஒரு சத்தியம் மட்டும் பண்ணித் தருகிறேன். கண் கட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அம்மாவை நேராக வீட்டுக்கு அழைத்துவந்து உன் எதிரில் உட்கார வைப்பேன். ஆசை தீர உன்னைப் பார்க்கட்டும். அதற்கப்புறம் ஸ்கேலை எடுக்கிறேன். அறுபது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உன்னிடம் வந்து சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் ஒன்றும் விளங்காத உன் தம்பி,
பெரிய மனுசன்