அடைக்கோழிக் கூடையைத் தூக்காதீங்க

ஏங்க,

அரூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டேன். களியும் கீரைக் கடைசலும் அடுப்பு மேல் இருக்கிறது. உங்கள் வெள்ளைச்சி அடைகாக்கிற முட்டைகள் இன்றைக்குப் பொரியும். தண்ணீரும் நொய்யும் கிட்டே வையுங்க. கூடையை மட்டும் தூக்கிப் பார்க்காதீங்க.

"வெள்ளைக் கோழிதான் லட்சணம், சாம்பல் கோழி நம்ம வாசலை மிதிக்கக் கூடாது"ன்னு பாப்பிரெட்டிப்பட்டிக்கே கேட்கும்படி கத்தினீங்களே! வெள்ளையைச் சித்தேரி மலை உச்சியிலிருந்தே பருந்து குறி வைத்துவிடும். சாம்பலைப் பார்க்க அதுக்குக் கண்ணாடி வேணும். சத்துணவில் கோடி முட்டை அவித்து ரிட்டயர் ஆனவள் சொன்னால் கேட்கணும்.

பி.கு.: அடியில் இருக்கிற பதினொன்றும் தங்கச்சி வீட்டுச் சாம்பல் கோழி முட்டை. மாற்றி வைத்தது நான்தான். வெள்ளைச்சியின் முட்டைகளை அன்றைக்கே ஆம்லெட் போட்டேன். இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னீங்க.

மறந்துட்டேன்: சாம்பல் எதுவும் வாசலை மிதிக்கவில்லை, உள்ளேயே பிறக்கிறது. வேண்டாம்னா வெள்ளைச்சிகிட்டயே சொல்லிப் பாருங்க.

தீர்த்தம்மா