பெயிண்ட் காய்ந்த சட்டை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ஏறின கையோடு தின்றுவிட்டு, வழியெல்லாம் அப்பாவை வரைந்த படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். நாலு நாளில் அறுபத்தோரு படம். என் கை இப்படி ஓடியதே இல்லை.

மறுநாள் புரபசரிடம் காட்டினேன். லேசில் யாரையும் பாராட்டாத மனிதர் அவர். ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோடுகூடப் பொய் இல்ல. இறுதியாண்டுக்கு இதையே பண்ணு" என்றார். வகுப்பில் எங்களுக்கு மாடலாக உட்காரும் பெரியவர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கைச் சொறிவார். அப்பா அசையவே இல்லை பார்.

என் கஷ்டம் உனக்குத் தெரியும். எனக்குக் கற்பனை வராது. ஒரு மரத்தைக்கூடப் பார்த்தால்தான் வரைவேன். ஆகஸ்ட் கண்காட்சி முடியும்வரை இங்கிருந்து நகரவும் முடியாது. ஆகவே இனி நீதான் எனக்குக் கண். வாரம் ஒரு கடிதம் போடு. அப்பா எப்படிப் படுத்திருக்கிறார், கை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், எல்லாம் வேண்டும். மருந்துக் கடையிலிருந்து போன் மட்டும் செய்யாதே. நீ அழுவாய், எனக்கு இரண்டு நாள் வேலை கெட்டுப்போகும். எழுது அக்கா.

ஒரே ஒரு குறை. கடைசி நாள் அவருக்கு ஏன் சவரம் செய்துவிட்டாய்? வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேனே. அந்தத் தாடி எவ்வளவு நன்றாக இருந்தது.

உன் செல்ல
வாண்டு


ஜூன் 12

அன்பு வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிஃபார்ம் வேலை கழுத்துவரை கிடக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் முடிந்துவிட்டது. முன்னறையில் மெஷின், உள்ளறையில் அப்பா, நடுவில் நான் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

தாடி உன் கண்ணுக்கு நன்றாக இருந்தது. அதற்குள் பால் வழிந்து காய்ந்து, தோல் புண்ணாகி, மனிதர் கன்னத்தைத் தலையணையில் தேய்த்துக்கொண்டே கிடந்தார். அதனால்தான் எடுத்தேன்.

கேட்டதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அளவெடுப்பதுதான். வாயின் வலது ஓரம் இடதைவிட அரை இன்ச் இறங்கியிருக்கிறது. வலது கை நான் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். இடது கை மட்டும் சும்மா இருப்பதில்லை. கட்டிலருகே யார் வந்தாலும் அவர்கள் துணி ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்க்கிறார். நாற்பது வருஷம் துணி தைத்த கை, தரம் பார்க்கிறது போலிருக்கிறது. டாக்டரின் சட்டையைப் பிடித்த வேகத்தில் விட்டுவிட்டார். மட்டமான துணி என்று நினைத்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வந்த மூன்றாம் நாள் நீ அவர் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாயே, அதைப் பாசம் என்று நினைத்து நான் வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கன்னத்தில் இறங்கிக் காதுக்குள் போகும்வரை நீ துடைக்கவில்லை. வரைந்துகொண்டிருந்தாய். அது மனதில் கிடந்து உறுத்துகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 21

என் தங்க அக்காவுக்கு,

அரை இன்ச்! யாருக்கு அக்கா இப்படி எழுத வரும்? உன் கடிதத்தை நான் வரைகிற ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். வகுப்பே வந்து படித்துவிட்டுப் போகிறது. களிமண் சிற்பம் செய்கிற என் அறைத்தோழிக்கு ஒரே பொறாமை. அவள் வீட்டிலிருந்து 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி ஒரு வரி வருவதில்லை.

அதை வைத்து மூன்று கேன்வாஸ் முடித்துவிட்டேன். காலையில் போனால் இருட்டும்வரை ஸ்டூடியோதான். டர்பன்டைன் நாற்றத்தில் சோறு இறங்குவதில்லை, ரொட்டியும் டீயும்தான். நேற்று டீ என்று நினைத்துத் தூரிகை கழுவின தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டேன். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

நீ வருத்தப்பட்டாயே, அந்தக் கண்ணீர்ப் படம்தான் இதுவரை வந்ததில் சிறந்தது. துடைத்திருந்தால் போயிருக்கும். அடுத்த தடவை நீயும் உடனே துடைக்காமல், எந்தக் கண்ணில் முதலில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து எழுது. அவருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது.

நான் கிளம்பும்போது முதுகில் சிவந்திருந்ததே, புண்ணாகிவிட்டதா? ஆகியிருந்தால் அளவும் நிறமும் வேண்டும். ஓரம் கறுப்பா, ஊதாவா? டேப் வைத்துப் பார்த்துவிடு.

வாண்டு


ஜூலை 2

வாண்டு,

புண்ணாகிவிட்டது. டேப்பைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

நேற்று டாக்டர் வந்தார். இதயம் தளர்ந்துவிட்டதாம். "பத்து நாள், மிஞ்சினா ரெண்டு வாரம். பாக்க வேண்டியவங்களைக் கூப்பிட்டுடுங்கம்மா" என்றார். நமக்குக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீ ஒருத்திதான்.

அவர் துணியைத் தேய்ப்பது எதற்கு என்று இன்றைக்குத்தான் புரிந்தது. என் துணி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார், விட்டார். பிறகு இத்தனை மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து, "வாண்டு" என்றார். பாதி வாயால் சொன்னாலும் தெளிவாகவே சொன்னார். உன் சட்டை ஓரம் பெயிண்ட் காய்ந்து மொடமொடவென்று இருக்குமே, அதைத் தேடுகிறார். கண் சரியாகத் தெரியாததால் வருகிற ஒவ்வொருவர் துணியிலும் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான்தான் தரம் பார்க்கிறார் என்று கேலி பேசிக்கொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வா. ஒரே ஒரு நாள் போதும். காலை ரயிலில் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பாய். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா.

அக்கா


ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே வரைந்தேன்.

பதினான்காம் தேதி தேர்வுக்குழு ஸ்டூடியோவுக்கு வருகிறது. அன்று நான் இல்லாவிட்டால் மூன்று வருஷமும் தண்ணீரில் போட்டதுதான். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். நம் மாடிவீட்டுக்காரருக்கும் பத்து நாள் என்றார்கள், அவர் இன்னும் சைக்கிள் மிதிக்கிறார்.

ஆனால் அப்பாவை ஏமாற்ற மனம் வரவில்லை. அதனால் சட்டையை இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். துவைத்துவிடாதே. ஓரத்தை அவர் இடது கையில் கொடு. கொடுத்ததும் விரல்கள் என்ன செய்கின்றன என்று பக்கத்திலேயே இருந்து பார். எந்த விரல் முதலில் மடங்குகிறது, நகம் என்ன நிறம், முகம் எப்படி மாறுகிறது, ஒன்றுவிடாமல் எழுது. அதுதான் கண்காட்சியின் நடுப் படம்.

உன் வாண்டு


ஜூலை 14

அன்பு வாண்டுக்கு,

பார்சல் நேற்றுக் காலை வந்தது. சட்டையைத் துவைக்கவில்லை. நீ சொன்னபடி ஓரத்தை அப்பாவின் இடது கையில் வைத்தேன்.

முதலில் சுண்டுவிரல் மடங்கியது. அடுத்து மோதிர விரல், அப்புறம் நடுவிரல். ஆள்காட்டி விரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கட்டைவிரல் கடைசியில் மேலே வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு விடவே இல்லை. நகம் வெளுத்திருந்தது, அடியில் லேசாக நீலம். வெளிச்சம் வாசல் பக்கத்திலிருந்து வந்தது. முகத்தில் இத்தனை நாள் இருந்த இழுப்பு தளர்ந்து, வாய் கிட்டத்தட்ட நேராகிவிட்டது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உன் வேலையைப் பார்.

அக்கா


ஜூலை 25

அக்கா, அக்கா,

உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். அப்பாவின் கையை ஆறடிக் கேன்வாஸில் போட்டுவிட்டேன். கை மட்டும்தான், வேறொன்றும் இல்லை. புரபசர் பத்து நிமிஷம் எதிரே நின்றார். "தேடினது கெடச்ச மனுஷனோட கை" என்றார். அந்த நீலம் எங்கே பிடித்தாய் என்று வேறு கேட்டார்.

டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிட்டது பார்த்தாயா? நான் சொன்னேனே. நானே வந்திருந்தால்கூட அப்பா இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார், சட்டை போதுமாக இருந்தது. நான் வந்தால் நீங்கள் இருவரும் அழுவீர்கள், நானும் அழுவேன், ஒரு கோடுகூட விழாது.

இப்போது எப்படி இருக்கிறார்? உட்காருகிறாரா? கடைசிப் படத்துக்கு ஏதாவது கொடு.

வாண்டு


ஆகஸ்ட் 4

வாண்டுக்கு,

உட்காருகிறார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறேன். பெரிய கத்தரிக்கோலை இடது கையில் கொடுத்தேன். மடியில் செய்தித்தாளை வைத்துக் குழந்தைச் சட்டைக்கான அளவில் வெட்டினார். ஓரம் மட்டும் கோணல். வெயில் கத்தரிக்கோலில் பட்டு அவர் தாடையில் அடித்தது. "சாப்ட்டாளா?" என்று உன்னைத்தான் கேட்டார். கண்காட்சியை முடித்துவிட்டே வரச் சொன்னார்.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்பு அக்காவுக்கு,

முதல் பரிசு எனக்குத்தான்!

பதினோரு படம். கடைசிப் படமான கத்தரிக்கோல் முன்னால் நின்று முன்பின் தெரியாதவர்கள் அழுதார்கள். பேப்பரில் போட்டிருக்கிறார்கள், கண்டதை மட்டுமே வரைகிற கை என்று. உன் கடிதங்களையும் படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறோம். கோபிக்காதே, புரபசர் ஆசைப்பட்டார்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி வருகிறேன். பத்து நாள் இருப்பேன். அப்பாவுக்கு நல்ல துணியாக இரண்டு மீட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்லட்டும். இந்தத் தடவை ஸ்கெட்ச் புத்தகம் எடுத்துவரமாட்டேன் என்று அவரிடம் சொல்.

உன் வாண்டு


ஆகஸ்ட் 26

வாண்டு,

அப்பா ஜூலை பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு இறந்துவிட்டார்.

அன்றைக்கே மருந்துக் கடைக்குப் போய்ப் போன் செய்தேன். உன் வார்டன் எடுத்தார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் கூப்பிட வேண்டாம் என்று நீ சொல்லிவைத்திருக்கிறாயாம். என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு எடுப்பதாக இருந்தது. மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு முன்னறையில் கிடத்தியிருந்தோம். ஒன்பதரைக்கு உன் பார்சல் வந்தது. எந்த விரல் முதலில் மடங்குகிறது என்று கேட்டிருந்தாய். மடக்கியது நான். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கினேன். விறைத்த விரல் லேசில் மடங்காது. ஆள்காட்டி விரல் முரண்டு பிடித்தது என்று எழுதினேனே, அதுதான். அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. விடவே இல்லை என்பதும் நிஜம்தான். சட்டை அவரோடு எரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த கடிதம்தான் முழுப் பொய். கத்தரிக்கோலும் ஜன்னலும், நீ சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதும் நானே வெட்டித் தைத்தவை. நீ அதை வரைவாய் என்று தெரிந்துதான் எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஜூலை பத்தாம் தேதியிலிருந்து அவர் யார் துணியையும் பிடிக்கவில்லை. அருகில் போனாலும் கையை நீட்டவில்லை.

நீ வரவேண்டாம். துணியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு.

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

வந்தேன். உனக்குத் தெரியும். மூன்று தடவை கதவைத் தட்டினேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டும்போதும் அது நிற்கவில்லை. சாயங்காலம்வரை துணியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கடைக்காரர்தான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

உன் கடைசிக் கடிதத்தையும் மாட்டலாமா என்று புரபசர் கேட்டார். தரவில்லை. அந்தக் கை இன்னும் அங்கே தொங்குகிறது. ஆறடி. என்னால் அந்த அறைக்குள் போக முடியவில்லை. நான் கெட்டவள்தான், அக்கா. நீ என்ன திட்டினாலும் தகும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்ணை மூடினால் அப்பாவின் முகமே வரவில்லை, நான் வரைந்த படங்கள்தான் வருகின்றன. கடைசியில் அவர் முகம் எப்படி இருந்தது? என்னைக் கேட்டாரா? அதை மட்டும் எழுது. வரைவதற்கு இல்லை. சத்தியமாக வரைவதற்கு இல்லை.

வாண்டு


செப்டம்பர் 10

வாண்டு,

முகம் நன்றாக இருந்தது. வலி தெரியவில்லை. காலையில் இரண்டு ஸ்பூன் பால் குடித்தார். வாசலைப் பார்த்து உன் பேரைச் சொன்னார். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

அல்லது இப்படியும் வைத்துக்கொள். பால் உள்ளே போகவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. உன் பேரைச் சொல்லவில்லை. வாசல் கண்ணில் படாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திருப்பிப் படுக்க வைத்தேன்.

இரண்டில் ஒன்றுதான் நடந்தது. எது என்று எழுதமாட்டேன். வந்திருந்தால் நீயே பார்த்திருப்பாய்.

அக்கா