துவைத்து வந்த பச்சை கவுன்

பெர்த் நகரில் இருக்கும் உனக்கு,

வாடகை உடைச் செயலியை வடிவமைத்தபோது, நம் மகள் டீகன் பச்சை கவுனில் நிற்கும் படத்தை மாதிரிக்காகப் போட்டோமே, அதை நீக்க இருவருமே மறந்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை ஒரு பெண் வாசலில் நின்றாள். பள்ளி நடன விருந்துக்கு அந்த கவுனைப் பதிவு செய்திருந்தாளாம். ஒரு நாளுக்குள் மறுக்காவிட்டால் செயலியே சம்மதித்துவிடும். உன் ஏற்பாடுதான்.

"படத்துல இருக்குற உங்க பொண்ணு கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"மாட்டா, எடுத்துட்டுப் போம்மா," என்றேன். அன்று மாலையே அவளுக்கு விருந்து, வேறென்ன சொல்ல?

டீகன் இறந்த பிறகு, அவள் வாசனை போய்விடக் கூடாதென்று, பதினோரு மாதமாக அந்த கவுனை நான் தண்ணீரில் நனைக்கவில்லை. நீ பெட்டி கட்டிக் கிளம்பிய அன்றும் அதில்தான் முகத்தைப் புதைத்திருந்தேன்.

திங்களன்று லாவெண்டர் மணக்கத் திரும்பி வந்தது. "ரூல்ஸ்படி துவைச்சு, இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கேன்," என்றாள் பெருமையாக. அந்த விதியை எழுதியது நான்.

இப்போது செயலி கேட்கிறது: உடை கொடுத்தபடியே திரும்பி வந்ததா? ஆம், இல்லை. "ரெண்டு பொத்தான் போதும், மூணாவது வெச்சா ஜனங்க குழம்பிடுவாங்க" என்றாயே. வந்து நீயே ஒன்றை அழுத்து.

இன்னும் அதே வீட்டில் இருப்பவள்