பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து

என் அன்பு மனைவிக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் தம்பி கண் திறந்துவிட்டான். வலது கையைப் பற்றி மட்டும் இப்போது கேட்காதே.

மின்வாரியம் தனியார் கைக்குப் போனதும் ஆளைக் குறைத்தார்கள். ஒருத்தன் கம்பத்தில் ஏறினால் இன்னொருத்தன் சுவிட்சுக்குக் காவல் நிற்கிற வழக்கம் போயிற்று. உன் தம்பி மேலே இருந்தபோது யாரோ லைனில் கரண்ட்டைப் போட்டுவிட்டார்கள்.

இன்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "அவன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. போர்மேன் நீங்க கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கு ஆபத்தில்ல."

"காவலுக்கு ஆள் வேணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேனே சார்?"

"அதெல்லாம் பழைய கதை."

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விட்டது.

அவனிடம் சொன்னேன். "அக்கா திட்டுவாளே மாமா" என்று சிரித்தான். லீவு போட்டு வந்து நேரிலேயே திட்டு.

உன் வீட்டுக்காரன்