ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பூச்சு

எதிர்வீட்டு மருமகன் லீவில் வந்திருக்கிறான். பெட்டியைக்கூட முழுசாகப் பிரித்திருக்க மாட்டான், இன்று காலையே மொட்டை மாடியில் தார் காய்ச்ச ஆரம்பித்துவிட்டான். அந்த வாடை நம் அடுப்படிவரை வந்து, கொதிக்கிற மீன் ஆணத்தின் வாசத்தையே தின்றுவிட்டது. சன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, கப்பல் கேப்டன் மாதிரி அவன் நின்ற நிற்பைப் பார்த்ததும் நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள், மச்சான். மற்ற பெண்களுக்கு மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த புருஷனை அத்தர் வாசம் ஞாபகப்படுத்துமாம். எனக்குத் தார்.

நீங்களும் இப்படித்தானே. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரியாத்திலிருந்து வருவீர்கள். முதல் நாள் சொந்தக்காரர்களுக்கு, மறுநாள் மாடிக்கு. பிள்ளைகளுக்கு உங்கள் முகம் பழகும் முன்னாலேயே மாடிக்கு உங்கள் கால் பழகிவிடும். குதிகாலால் தளத்தை இரண்டு தட்டுத் தட்டி, நாடி பார்த்த வைத்தியர் போலத் தலையை ஆட்டி, "ஒண்ணுமில்ல புள்ள, ஒரு பூச்சு பூசுனா சரியாப் போவும்" என்பீர்கள். ஒரு லீவில் தார். அடுத்த லீவில் தாருக்கு மேல் சுண்ணாம்பும் சல்லியும் போட்டுச் சதுரம் சதுரமாகத் தட்டோடு. அதற்கடுத்து தட்டோட்டுக்கு மேல் சிமெண்டு. பிறகு ஒரு தடவை பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு டின் மருந்து வந்தது. அதைப் பூசினால் மழைத் தண்ணீர் தளத்தில் ஒட்டவே ஒட்டாதாம். மூத்தவள் பொம்மை கேட்டிருந்தாள். பொம்மைக்கு இடமில்லாமல் போயிற்று. கடைசியாக நீங்கள் ஊரோடு வந்து சேர்ந்த வருஷம், எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை டைல்ஸ்.

ஒரு தடவையாவது கீழே வந்து அண்ணாந்து பாருங்கள் என்று எத்தனை முறை சொன்னேன். பின்னறையில் ஒழுகுகிறது, சுவர் ஓரம் பழுப்பு நிறமாகப் படர்கிறது என்று சொன்னதற்கு நீங்கள் சொன்ன பதிலை இன்றைக்கும் மறக்கவில்லை. "மழை மேலயிருந்துதானே புள்ள பெய்யுது? கீழ என்னத்தப் பாக்க?" உங்களோடு வந்த நாலு சேக்காளிகளும் அதைக் கேட்டு ஆகா என்று சிரித்தார்கள். அவர்கள் வீட்டு மாடிகளிலும் அதே தார், அதே டின். நம்மூர் ஆம்பளைகளுக்கு லீவு என்றால் பிரியாணியும் மாடியும்தான்.

நம்மூரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். இந்த வீடும் என் உம்மா எனக்குக் கொடுத்தது. ஆனால் பழைய ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டது நீங்கள் என்பதால், தளத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று. வந்த விருந்தாளிகளிடம் எல்லாம் நீங்கள் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? "அசல் தாமிரபரணி ஆத்து மணலு. கடல் மணல் ஒரு பிடி கிடையாது." மணல் ஆற்று மணல்தான், நானே பார்த்தேன். அந்த மணலைக் குழைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பின்னறையில் தொட்டில் மாட்ட ஒரு கொக்கியைத் தளத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, "பேரப்புள்ளைகளுக்கும் ஆவும்" என்று தடவிக் கொடுத்தீர்கள். அந்த ஒரு பேச்சு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மௌத்தாகி, நான் வாசல் தாண்டாமல் இத்தா இருந்த மாதங்களில்தான் உங்கள் தளத்தை முதல்முறையாக ஒரு ஆள் கீழிருந்து முழுசாகப் பார்த்தது. வேறு வேலை? ஓதுவேன், தொழுவேன், படுப்பேன், அண்ணாந்து பார்ப்பேன். பழுப்பு நிறம் கம்பி போன வழியெல்லாம் கோடு கோடாக ஓடியிருந்தது. ஓரிடத்தில் பூச்சு வயிறு மாதிரி உப்பி நின்றது. மூத்தவள் தன் பிள்ளையை அந்தக் கொக்கியில்தான் தொட்டில் கட்டி ஆட்டுவாள். ஒரு நாள் மதியம் அவள் பால் கொடுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அந்த வயிறு பொத்தென்று விழுந்தது, தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி. நான் எழுந்துபோய்த் தொட்டிலை அவிழ்த்தேன்.

இத்தா முடிந்த கையோடு இளையவளின் நிக்காஹ் பேச்சு வந்தது. அவளுக்கும் வீடு வேண்டும், மேலே ஒரு மாடி கட்டிக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் காக்கா, அண்ணன் என்ற உரிமையில், கிளம்பி வந்தார். கூடவே ஒரு காண்ட்ராக்டர். முதலில் தளத்தைப் பரிசோதிக்க முறையாகப் படித்த ஒரு இன்ஜினியர் வரவேண்டும், அவர் சொன்னால்தான் ஒரு செங்கல் மேலே ஏறும் என்றேன். ஏதோ ஹராமான சொல் கேட்டுவிட்ட மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்ஜினியரா? தளத்தை டாக்டருட்ட காட்டுதாஹன்னு ஊரு பேசாதா? மாப்புள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாஹ?" என்றார் காக்கா.

"தளம் விழுந்தா என்ன நெனைப்பாஹ?" என்றேன்.

காண்ட்ராக்டர் பெருந்தன்மையோடு நடுவில் புகுந்தார். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு, லைட் வைத்துவிட்டால் பார்க்க மஹால் மாதிரி இருக்கும், ஒரு கீறல் கண்ணில் படாது என்றார். நோயை மூடி வைப்பதற்கும் ஆள் கூலிக்குக் கிடைக்கிறான் பாருங்கள். மூத்த மருமகனை வீடியோவில் கூப்பிட்டார்கள். அவன் துபாயிலிருந்து போனைக் கொஞ்சம் மேலே காட்டச் சொன்னான். காட்டினார்கள். "மாமி, அது சும்மா ஹேர்லைன் கிராக்கு. இங்க எல்லா பில்டிங்லயும் இருக்கு" என்றான். அவன் வேலைக்கு நிற்பது அத்தர் கடையில். அங்கிருந்தே கான்கிரீட்டுக்கு மோப்பம் பிடித்துவிட்டான்.

உங்கள் காக்கா அதோடு விடவில்லை. நாற்காலி போட்டு ஏறி, அந்தத் தொட்டில் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். "பாரு, ஆனையக் கட்டலாம். எந்தம்பி வெச்சது" என்றார். கொக்கி அசையவில்லை. மூத்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிள்ளை தொட்டில் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறது உம்மா என்கிற பார்வை. உங்களிடம் தோற்ற மாதிரியே இவர்களிடமும் தோற்றுவிடுவேனோ என்று அப்போது பயந்தேன். எழுந்து உள்ளே போய், பாளையங்கோட்டையில் ஒரு இன்ஜினியரின் நம்பரை என்னோடு படித்தவளிடம் வாங்கி, நானே பேசினேன். அதற்கு எனக்கு ஒரு ஆண் துணையும் தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன்.

அவர் வந்த அன்று காக்கா தெருமுனையிலேயே நின்று, பார்த்தவர்களிடம் எல்லாம் "சோலார் போடுதோம், அளக்க வந்திருக்காஹ" என்று சொல்லிவிட்டார். விளைவு, லுஹர் தொழுகைக்குள் நாலு வீட்டிலிருந்து சோலாருக்கு என்ன செலவு, வெள்ளிக்கிழமை கரண்டு போனாலும் ஃபேன் ஓடுமா என்று ஆள் வந்துவிட்டது. பொய் சொல்வதிலும் ஒரு சாமர்த்தியம் கிடையாது.

இன்ஜினியரைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்கு வரவில்லை, டீயில் சீனி பத்தாது என்றார், வீட்டுக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. ஆனால் அவர் செய்த முதல் காரியம், மாடிக்குப் போகாமல் பின்னறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தது. சின்னச் சுத்தியலால் தளத்தைக் கீழிருந்து தட்டிக்கொண்டே போனார். முன்னறையில் திண்ணென்ற சத்தம் வந்தது. பின்னறையில் வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம். ஓரிடத்தைக் கொத்தி எடுத்தார். உள்ளே இருந்த கம்பி, துருவேறி, நனைந்த பிஸ்கட் போல அடுக்கடுக்காக உதிர்ந்தது.

"தளம் போட்டப்ப தண்ணி எங்கன எடுத்திய, அம்மா?"

"பின்கட்டுக் கிணத்துல."

"அந்தத் தண்ணிய குடிப்பியளா?"

"துணியே துவைக்க மாட்டோம். சோப்பு நுரைக்காது. அவ்வளவு உப்பு."

"பெறவு கம்பி மட்டும் எப்படித் தாங்கும்?" என்றார். உங்கள் தாமிரபரணி மணலுக்கு அந்த இடத்தில் அந்த மரியாதைதான் கிடைத்தது. காக்கா தொண்டையைக் கனைத்தார்.

பிறகு மேலே போய் ஓரத்தில் சதுரமாக வெட்டிப் பார்த்தார். உங்கள் லீவுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே இருந்தன. நடுவில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மழை பெய்து எத்தனையோ நாள் ஆகியும், வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கு நடுவே நின்ற தண்ணீர். "மாடி கட்டணும்னு சொன்னிய. பாதி மாடிய ஏற்கெனவே ஏத்தி வெச்சிருக்கியளே" என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்கு அவர் சிரித்ததில் கோபம் வந்தது. உங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மட்டும்தான் உரிமை என்று தோன்றிற்று.

இறங்கி வந்தவர் கடைசியாகத் தொட்டில் கொக்கியைப் பார்த்தார். அதைச் சுற்றி மூன்று நாலு தட்டுத் தட்டிவிட்டு ஒற்றைக் கையால் இழுத்தார். ஒரு தேங்காய் அளவு கான்கிரீட்டோடு கொக்கி அவர் கையோடு வந்துவிட்டது. மூத்தவள் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்றிலிருந்து இந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது, இந்தப் பக்கத்துத் தளத்தை இடித்துத்தான் ஆகவேண்டும், முன்பக்கம் மேல்பாரத்தை எல்லாம் எடுத்துவிட்டால் பிழைக்கும், மாடி என்ற பேச்சே வேண்டாம் என்றார் இன்ஜினியர். உங்கள் காக்கா என்ன சொன்னார் தெரியுமா? "கொக்கிதானே. வேற எடத்துல மாட்டிக்கிட்டாப் போச்சி." இப்படியும் ஒரு மனிதர்.

வேறொரு இன்ஜினியரைக் கூட்டிவந்து, மாடி கட்டலாம் என்று அவர் வாயால் சொல்ல வைக்கலாம் என்று நாலு நாள் பேசிப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையின் உம்மாவை வீட்டுக்கே வரச் சொன்னேன். வந்ததும் "சோலார் போடப் போறியளாமே" என்றுதான் ஆரம்பித்தார். பின்னறையைத் திறந்து காட்டினேன். மாடி வராது, இடித்த இடத்தில் புதிதாக அறை கட்டித்தான் என் மகளுக்குத் தருவேன், அதுவரை பொறுக்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அடுத்த அறையில் இளையவள் அழுகிற சத்தம் கேட்டது. சம்பந்தம் போனால் போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார், டீயைக் குடித்தார், கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் போனில் பேசினார். நிக்காஹ் நோன்புக்குப் பிறகு இருக்கட்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இன்ஜினியர் நம்பரு தருவியளா? எங்க வீட்டுலயும் ஒரு எடம் உப்பிக்கிட்டு நிக்கிது. ஆருட்டயும் சொல்லிராதிய" என்றார். ஊர் முழுக்க ஒரே வியாதி, எல்லாரும் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

பின்னறைத் தளத்தை இடித்தாயிற்று. கடப்பாரை போட்டு ஓங்கி அடிக்கத் தேவைப்படவில்லை, தட்டியதும் பாளம் பாளமாக வந்தது. இளையவளின் அறைக்குப் புதுத் தளம் அடுத்த வாரம் போடுகிறார்கள். குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. இந்தத் தடவை தண்ணீரை நானே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் குழைக்க விடுவேன்.

துக்கம் கேட்க இன்னும் ஆள் வருகிறார்கள், மச்சான். வெளியூர் போனவர்கள், தாமதமாகக் கேள்விப்பட்டவர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: "இன்னும் ஒரு அஞ்சாறு வருஷம் ஹயாத்தோட இருந்திருக்கலாம்." உங்களுக்காக நான் அழாத நாள் இல்லை. ஆனாலும் நீங்கள் இருந்திருந்தால் ஒரு இன்ஜினியர் இந்த வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டார், நான் உங்களிடம் தோற்றிருப்பேன், இந்த மழைக்கும் ஒரு பூச்சு விழுந்திருக்கும், அதற்குக் கீழே நம் பேரன் தூங்கியிருப்பான். அவர்கள் அப்படிச் சொல்லும்போது ஆமாம் என்று நான் தலையாட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதித்துத்தான் ஆட்டுகிறேன். அந்த ஒரு நொடி எதற்கென்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.